எலும்புத் துண்டும் பழைய செருப்பும் போதும் என்பவர்களுக்கு

“நாய்க்கு எதுக்குங்க பொம்மை? ஒரு எலும்புத் துண்டைப் போட்டா கடிச்சுக்கிட்டுக் கிடக்கும். இல்லேன்னா பழைய செருப்பு ஒண்ணைக் கொடுங்க.” குட்டி வந்து சேர்ந்த வீட்டுக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடும் அறிவுரை இது. பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார். ஊரிலிருந்து வந்த மாமா சொல்வார். கறிக்கடைக்காரர் சொல்வதோடு நிற்காமல், “குட்டிக்குப் போடுங்க சார்” என்று நாலு எலும்பைத் தனியாகப் பொட்டலம் கட்டியும் கொடுப்பார். இவர்களில் யாரும் கெட்ட மனம் படைத்தவர்கள் அல்லர். பலர் பல தலைமுறையாக நாய் வளர்த்த குடும்பத்தினர். ஆனாலும் அவர்கள் சொல்வது தவறு. குட்டிகளின் குடலையும் பல்லையும், சில வேளை உயிரையும் காவு வாங்கும் தவறு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாலேயே யாரும் அதை எதிர்த்துக் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த அறிவுரைக்குள் மூன்று நம்பிக்கைகள் இருக்கின்றன. எலும்பு நாய்க்கு இயற்கையான பொருள், அதனால் தீங்கு செய்யாது என்பது ஒன்று. கடிப்பது ஒரு தொல்லை, கைக்குக் கிடைத்த எதையாவது போட்டு அதை அடக்கினால் போதும் என்பது இரண்டாவது. விளையாட்டுப் பொருள் என்பது வசதி படைத்தவர்களின் பவிசு என்பது மூன்றாவது. மூன்றும் நிற்காது.

முதலில் குட்டியின் வாயைப் பார்ப்போம். நாய்க்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. மூன்றாவது வாரத்தில் பால்பற்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கி, இரண்டு மாதத்துக்குள் 28 பற்களும் வந்துவிடுகின்றன. பெரும்பாலும் நாம் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதும் அந்தச் சமயத்தில்தான். நான்காவது மாதத்தையொட்டிப் பால்பற்கள் விழ ஆரம்பிக்கும். ஏழாவது மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் அந்த இடத்தைப் பிடித்துவிடும். அதாவது, குட்டி நம் வீட்டில் கழிக்கும் முதல் ஐந்து மாதங்களில் அதன் ஈறு ஓயாமல் குறுகுறுக்கிறது, வலிக்கிறது, புண்படுகிறது. எதையாவது அழுத்திக் கடித்தால்தான் அதற்கு ஆறுதல். போதாததற்கு, கையில்லாத உயிர் அது. நாம் தொட்டுப் பார்த்து அறிவதை அது கவ்விப் பார்த்துத்தான் அறிய முடியும். ஆகவே கடிக்காத நாய்க்குட்டி என்று ஒன்று உலகில் இல்லை. அது எதைக் கடிக்கப் போகிறது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. கடிக்க நாம் ஏற்ற பொருள் கொடுக்காவிட்டால் மேசைக்கால், மின்கம்பி, பள்ளிக்கூடப் பை, குழந்தையின் கை என்று அதுவே தேர்ந்துகொள்ளும்.

எலும்புக்கு வருவோம். காட்டில் ஓநாய் எலும்பைத் தின்னவில்லையா என்று கேட்கிறார்கள். தின்றது. ஆனால் நம் வீட்டு நாய்க்குப் போவது அந்த எலும்பா? நம் சமையலறையிலிருந்து வருவது குழம்பில் வெந்த எலும்பு, பிரியாணியில் கிடந்த எலும்பு, வறுத்த கோழியின் கால் எலும்பு. பச்சை எலும்பில் புரதமும் ஈரமும் இருப்பதால் ஓரளவு வளைந்து கொடுக்கும். சூடு பட்டு உலர்ந்த எலும்பு கொடுக்காது. அது கூரான சிம்புகளாகப் பிளக்கும். அந்தச் சிம்பு அண்ணத்தில் குத்தலாம், தொண்டையில் செருகிக்கொள்ளலாம், இரைப்பையையோ குடலையோ கிழிக்கலாம். கிழிக்காமல் பொடியாக இறங்கினாலும் மலக்குடலில் சுண்ணாம்புபோல் இறுகி, குட்டி முக்கி முக்கி அழும் நிலைக்குக் கொண்டுவிடும். குழம்பில் வெந்த எலும்பில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கின்றன. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிப்பவை. மஞ்சளும் மிளகாயும் தண்ணீர்விட்டு அலசினால் போய்விடும் என்று நினைக்கிறோம். வெங்காயச் சாறு அப்படிப் போகாது.

நல்லி எலும்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மஜ்ஜையை உறிஞ்சிய பிறகு அந்த வளையத்தைக் குட்டிக்குப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். குட்டி அதை நக்கும்போது கீழ்த்தாடை வளையத்துக்குள் நுழைந்துவிடுகிறது. கோரைப்பல்லைத் தாண்டி உள்ளே போனது திரும்பி வருவதில்லை. மிரண்டுபோன குட்டி முன்னங்கால்களால் முகத்தைப் பிறாண்டிக்கொண்டு ஓடும், தாடை வீங்கும். மயக்க மருந்து கொடுத்து எலும்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். உலகெங்கும் கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிப்போன விபத்து இது.

“அப்படியானால் பச்சை எலும்பு கொடுக்கிறோம். பல் பலப்படும்” என்பார்கள் சிலர். பச்சை எலும்பு சிம்பாகப் பிளப்பது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல் பலப்படும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. பல் தசை அல்ல, பயிற்சி கொடுத்தால் வலுவடைய. நாயின் பல்லைப் போர்த்தியிருக்கும் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது. ஆட்டுத் தொடையெலும்பு, மாட்டுக் குளம்பு, மான்கொம்பு போன்ற கெட்டிப் பொருள்களை அழுத்திக் கடிக்கும்போது, மேல்தாடையின் பெரிய கத்திரிப்பல் பக்கவாட்டில் சில்லாகப் பெயர்வதைக் கால்நடைப் பல் மருத்துவர்கள் மீண்டும் மீண்டும் எச்சரித்து வருகிறார்கள். குட்டிக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பால்பல் ஊசிபோல் மெல்லியது. அது ஒடிந்து உள்ளே சீழ் பிடித்தால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லையும் சேர்த்துக் கெடுத்துவிடும். பச்சை எலும்பில் இருக்கும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள், குட்டி நக்கும் குழந்தையின் கைக்கும் தவழும் தரைக்கும் போய்ச் சேர்வது இன்னொரு பக்கம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் நாய்களுக்கு எலும்பு கொடுக்க வேண்டாம் என்று 2010இல் பொதுமக்களை எச்சரித்தது. கடையில் பாடம் செய்து விற்கும் எலும்புத் தீனிகளால் நாய்கள் நோயுற்றதையும் இறந்ததையும் பற்றி வந்த புகார்களை வைத்து 2017இல் மறுபடி எச்சரித்தது. இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. அரளி விதையும் இயற்கையானதுதான்.

இதற்குப் பதிலாக எப்போதும் வருவது தாத்தா காலத்துக் கதை. “எங்க தாத்தா வீட்டுல ராஜபாளையம் இருந்துச்சு. எலும்பு தின்னுதான் வளந்துச்சு. பன்னெண்டு வருசம் இருந்துச்சு.” இருந்திருக்கும், நம்புகிறேன். ஆனால் பிழைத்த நாயின் கதைதான் குடும்பத்தில் தங்குகிறது. அதே வீட்டில் நாலு மாதத்தில் வாந்தியெடுத்துச் சுருண்டு செத்த குட்டிகளை “ஏதோ சீக்கு வந்துருச்சு” என்று சொல்லித் தென்னை மரத்தடியில் புதைத்திருப்பார்கள். குடலில் என்ன இருந்தது என்று யாரும் அறுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாத்தாவே எலும்பு போடுவதை நிறுத்தியிருக்கலாம்.

அந்தக் கதையில் விடுபடும் இன்னொன்றும் உண்டு. தாத்தா வீட்டு நாய்க்குத் தோட்டம் இருந்தது, களம் இருந்தது. எலி வளையைத் தோண்டியது, அணிலை விரட்டியது, வரப்பு நெடுக முகர்ந்துகொண்டே போனது. கூடப் பிறந்த குட்டிகளும் தெருவில் திரிந்த நாய்களும் விளையாட்டுத் தோழர்களாக இருந்தன. அதற்குப் பொம்மை தேவைப்படாமல் போனதற்குக் காரணம் எலும்பு அல்ல, அந்த வாழ்க்கை. இன்றைக்கு அடுக்குமாடியின் மூன்றாம் தளத்தில், பால்கனிக் கம்பியில் கட்டப்பட்டு, வீட்டார் வேலைக்குப் போன பிறகு எட்டு மணி நேரம் தனியாகக் கிடக்கும் குட்டியிடமிருந்து அந்த வாழ்க்கையை முழுவதும் எடுத்துக்கொண்டுவிட்டோம். எடுத்துக்கொண்டவர்கள் அதற்கு ஈடாக ஏதாவது கொடுக்கத்தான் வேண்டும். சிப்பிப்பாறையோ கன்னியோ கோம்பையோ, வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட நாயை இரண்டு அறைக்குள் அடைத்துவிட்டு, துரத்தவும் கவ்வவும் ஒன்றும் தராமல், “ரொம்ப அடாவடி பண்ணுது” என்று புகார் சொல்வது நியாயமே இல்லை.

இரண்டாவது நம்பிக்கை, கைக்குக் கிடைத்ததைப் போட்டால் போதும் என்பது. கைக்குக் கிடைப்பவை என்னென்ன? கோடையில் மாங்கொட்டை. குட்டி சப்பிக்கொண்டு கிடக்கட்டும் என்று போடுகிறோம். எச்சிலில் வழுவழுப்பான கொட்டை ஒரு நொடியில் தொண்டைக்குள் வழுக்கிவிடும். இரைப்பைக்குப் போனால் அங்கே செரிக்காது, குடலுக்குப் போனால் அங்கே நகராது. தின்று முடித்த மக்காச்சோளக் கட்டையும் அப்படித்தான். தேங்காய் மட்டையைக் கடித்துக் குதறுவது வேடிக்கையாக இருக்கும், ஆனால் விழுங்கிய நார் குடலில் கட்டியாகத் திரண்டுகொள்ளும். தண்ணீர் பாட்டிலின் நொறுங்கும் சத்தம் குட்டிக்குப் பிடிக்கிறது என்று கொடுப்பார்கள். கிழிந்த ஓரம் ஈறை அறுக்கும், மூடியும் அதன் கீழுள்ள வளையமும் வயிற்றுக்குள் போகும். திருவிழாக் கடையில் குழந்தைக்கு வாங்கிய கரடிப் பொம்மையின் கண் ஒரு பித்தான், வயிறு முழுக்கச் செயற்கைப் பஞ்சு. சத்தம் போடும் பொம்மைக்குள் பித்தான் பேட்டரி இருந்தால் அதைவிடக் கொடியது வேறில்லை. விழுங்கிய சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

பழைய கால்சட்டை நாடா, காலுறை, சேலையின் ஓரக் கிழிசல், கயிறு ஆகியவற்றின் ஆபத்து வேறு வகை. நூல் குடலுக்குள் போய் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பை வாயிலோ மாட்டிக்கொள்ளும். மறு முனையைக் குடல் முன்னே தள்ளப் பார்க்கும். நூல் நகராததால் குடல்தான் அதன்மேல் சுருக்குப் பையின் வாய்போல் கொசுவிக்கொண்டு, கடைசியில் பல இடங்களில் அறுபடும். குட்டியின் வாயிலோ மலவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் பிடித்து இழுக்கவே கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். திரும்பத் திரும்ப வாந்தி, உணவை முகராமல் திரும்பிக்கொள்வது, முதுகை வளைத்து நிற்பது, வயிற்றைத் தொட்டால் முனகுவது ஆகியவை தெரிந்தால் ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பழைய செருப்புக்கு இன்னொரு குற்றமும் உண்டு. அது குட்டியின் மனத்தைக் குழப்புகிறது. நம் கால் வியர்வையின் வாசனைதான் குட்டிக்குச் செருப்பை இனிமையாக்குகிறது. அந்த வாசனை பழைய செருப்பிலும் இருக்கிறது, நேற்று வாங்கிய புதுச் செருப்பிலும் இருக்கிறது. இதைக் கடிக்கலாம், அதைக் கடிக்கக் கூடாது என்று பிரித்தறிய அதற்கு எந்த வழியும் இல்லை. பழையதைக் கொடுத்துச் “செருப்பு உன்னுடையது” என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம். புதியதைக் கடித்ததற்காக அதே செருப்பால் அடி வாங்குவது குட்டி. அந்த அடியில் அது கற்றுக்கொள்வது, இந்த மனிதர்கள் எப்போது அடிப்பார்கள் என்று சொல்ல முடியாது என்பதை மட்டும்தான். கைக்குப் பயப்படும் நாயாக அது வளர்ந்தால் பழி நம்முடையது.

கடிக்கப் பொருள் கொடுப்பதை விளையாட்டு விஷயமாக நினைப்பவர்கள், நம் நாட்டில் ரேபிஸ் இன்னும் மனிதர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது என்பதை மறக்கிறார்கள். குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசி போடுவது பொதுவாக மூன்று மாதம் நிரம்பிய பிறகு. அதுவரை அதன் ஊசிப்பல் குழந்தையின் கையில் பதிந்தால் அந்த வீட்டுக்கு நிம்மதி போகும். போகவும் வேண்டும். குட்டி கடித்தால் ரேபிஸ் வராது என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. பல் பட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். கையைக் கவ்வ வரும் குட்டியின் வாயில் அந்தக் கணமே ஒரு ரப்பர்ப் பொம்மையைத் திணித்து, கையை விலக்கிக்கொண்டு, பொம்மையைக் கடிக்கும்போது பாராட்டும் பழக்கம் இரண்டு மாதக் குட்டியிடமே தொடங்க வேண்டும். கூடப் பிறந்த குட்டிகளோடு உருண்டு புரண்டு கடிபட்டுக் கடித்துத்தான் ஒரு நாய் தன் பல்லின் அழுத்தத்தை அளக்கக் கற்கிறது. நாம் அதை அவற்றிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்துவிட்ட பிறகு அந்தப் பாடத்தை நடத்த நாம்தான் இருக்கிறோம். விளையாட்டுப் பொருள்தான் அதற்குப் பாடநூல்.

“பொம்மை கொடுத்து இழுத்து விளையாடினால் நாய்க்குத் திமிர் ஏறும், எஜமானை மதிக்காது” என்ற பயம் நாய் பயிற்றுநர் சிலரிடம்கூட இருக்கிறது. இதை இங்கிலாந்தில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா ரூனியும் ஜான் பிராட்ஷாவும் கோல்டன் ரெட்ரீவர் நாய்களோடு இழுபறி விளையாடி, சில முறை நாயை ஜெயிக்கவிட்டும் சில முறை தோற்கவிட்டும், விளையாட்டுக்கு முன்னும் பின்னும் அவற்றின் நடத்தையை அளந்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில், ஜெயித்த நாய்கள் மனிதரை அடக்கியாள முயன்றதற்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை. ஆகவே இழுபறி விளையாடலாம். சில ஒழுங்குகள் மட்டும் வேண்டும். பல் விழும் மாதங்களில் மெதுவாக இழுக்க வேண்டும். துணியைக் கவ்விய குட்டியை அப்படியே தரையிலிருந்து தூக்கக் கூடாது. “விடு” என்றதும் விட்டால் மறுபடி விளையாட்டு என்று பழக்க வேண்டும். பல் தோலில் பட்டால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. இப்படி விளையாடும் குட்டி, வாயில் இருக்கும் பொருளை நம் சொல்லுக்காக விட்டுக்கொடுக்கக் கற்கிறது. நாளைக்குத் தெருவில் எதையோ கவ்விக்கொண்டு நிற்கும்போது அந்த ஒரு சொல் அதன் உயிரைக் காப்பாற்றும்.

மூன்றாவது நம்பிக்கை பணம் பற்றியது. நாய்க்குட்டிக்கேற்ற நல்ல ரப்பர்ப் பொம்மை ஒன்றை, ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கும் பணத்துக்குள் வாங்கிவிடலாம். குடலில் சிக்கியதை எடுக்கும் அறுவைக்குத் தனியார் மருத்துவமனையில் பல ஆயிரங்கள் ஆகும். அதையும் விடுங்கள். பணமே செலவழிக்காமலும் செய்யலாம். பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி உறைபெட்டியில் வைத்து எடுத்தால், ஈறு வலிக்கும் குட்டிக்கு அதைவிட இதமான மருந்து இல்லை. நாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், நூல் பிரிந்தால் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பின்னூசியும் ஒட்டுநாடாவும் நீக்கிய அட்டைப்பெட்டிக்குள் கிழித்த காகிதத்தைத் திணித்து நடுவில் அதன் உணவில் ஒரு பிடியை ஒளித்து வைத்தால், முகர்ந்து தேடுவதிலேயே குட்டி களைத்துத் தூங்கிவிடும். எந்நேரமும் ஒரே பொம்மை கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் நாய்க்குச் சலித்துவிடும், புதிதாக ஒன்று வந்தால் ஆர்வம் திரும்பும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. ஆகவே கூடை நிறைய வாங்கிக் குவிப்பதும் வேண்டாம். நாலைந்து பொருள் போதும். இரண்டை வெளியே வைத்து மற்றதை ஒளித்து வைத்து, சில நாளுக்கு ஒரு முறை மாற்றினால் பழையதே புதிதாகிவிடும்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் உண்மையிலேயே கனமானது ஒன்று இருக்கிறது. கடைப் பொம்மை மட்டும் பாதுகாப்பானதா என்ற கேள்வி. நியாயமான கேள்வி. எல்லாம் பாதுகாப்பானவை அல்ல. நம் அரசு 2020இல் பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணையைக் கொண்டுவந்து, 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்றது. ஆனால் அது 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு மட்டும். குழந்தையின் பொம்மையில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட் ரசாயனம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. நாள் முழுக்க வாயிலேயே வைத்துச் சப்பும் நாய்க்குட்டியின் பொம்மைக்கு அந்த ஆணை பொருந்தாது. கடை அலமாரியில் “நாய்க்கானது” என்று எழுதியிருப்பதை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

தோல் முடிச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு வடிவில் முடிச்சுப் போட்டு, வெள்ளையாகவோ பழுப்பாகவோ எல்லா நாய்க்கடைகளிலும் தொங்குகிறது. அது சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறவைத்து முடி நீக்கிய மாட்டுத்தோலின் உள்படலம். ஊறிய முனையை மென்று விழுங்கும் குட்டிக்கு அது தொண்டையில் அடைக்கலாம், வயிற்றில் ஊதிக் குடலை அடைக்கலாம். தெருக் கிரிக்கெட்டுக்கு வாங்கும் டென்னிஸ் பந்து இன்னொன்று. அதன் ரோமப் போர்வையில் மண் ஏறினால் உப்புத்தாள்போல் பல்லைத் தேய்க்கும். குட்டி வளர்ந்து வாய் பெரிதானதும் அதே பந்து தொண்டையில் அடைக்கும் அளவாகிவிடும்.

ஆனால் இந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடுகிறது? மோசமான பொம்மைகள் இருக்கின்றன, ஆகவே எலும்புக்கே திரும்பு என்றா? கலப்பட மருந்து விற்கிறார்கள் என்பதற்காக மருந்தே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நல்லதைத் தேர்ந்தெடுக்கக் கற்க வேண்டும் என்பதுதான் அந்த வாதத்தின் நேர்மையான முடிவு. தேர்ந்தெடுப்பது கடினமும் அல்ல.

கடையிலேயே பொம்மையைக் கையில் எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்கித் தடம் விழ வேண்டும். அமுங்காதது பல்லை உடைக்கும். அதனால் முழங்காலில் தட்டினால் வலிக்கும் என்று தோன்றினால் அதை வாங்காதீர்கள். குட்டியின் வாய்க்குள் முழுதாகப் போகும் அளவில் எதுவும் வேண்டாம். இன்றைக்கு அளவு சரியாக இருந்தாலும் இரண்டு மாதத்தில் குட்டி இரு மடங்காகிவிடும் என்பதை நினைவில் வைத்து, வளர வளரப் பழைய பந்தை எடுத்துவிட்டுப் பெரிய பந்து கொடுங்கள். ஒட்டிய கண், மணி, ரிப்பன், பித்தான் எதுவும் இருக்கக் கூடாது. உள்ளே பீப்பி வைத்த பொம்மையை நாம் கூட இருக்கும்போது மட்டும் கொடுக்க வேண்டும். அதைக் கிழித்து உள்ளே இருப்பதை எடுப்பதுதான் குட்டியின் குறிக்கோளாக இருக்கும். ஒரே ஒரு துளையுள்ள பந்து வேண்டவே வேண்டாம். நாக்கு உள்ளே போய்க் காற்றுப் பிடிப்பால் மாட்டிக்கொள்ளும், இரண்டு பக்கமும் துளை இருந்தால் அந்த ஆபத்து இல்லை. முகர்ந்து பாருங்கள். ரசாயன நெடி நம் மூக்கைத் துளைத்தால் அது குட்டியின் வாய்க்குரியது அல்ல.

உள்ளீடற்ற ரப்பர்ப் பொம்மை ஏன் இவ்வளவு பரவியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஜோ மார்க்கம் என்பவர் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் ஷெப்பர்டு வளர்த்தார். கல்லைக் கடித்துக் கடித்து அந்த நாயின் பல் தேய்ந்துகொண்டிருந்தது. ஃபோக்ஸ்வேகன் வண்டியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, கழற்றிப் போட்ட ஒரு ரப்பர்ப் பாகத்தை நாய் விடாமல் கடிப்பதைக் கண்டார். கெட்டியும் அல்ல, பிய்ந்தும் போகாது, தரையில் எறிந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்றும் தெரியாது. அதிலிருந்து பிறந்ததுதான் 1976இல் அவர் தொடங்கிய காங் நிறுவனத்தின் பொம்மை. ஒரு நாயின் பல் அழிவதைப் பார்க்கப் பொறுக்காத மனிதர் கண்டுபிடித்த பொருள் அது. அதைப் பவிசு என்று தள்ளுபவர்கள் இந்தக் காரணத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும். இன்று பல நிறுவனங்கள் அதே வடிவில் செய்கின்றன. வாங்கும்போது பால்பல்லுக்கென்று மென்மையாகச் செய்த குட்டி வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பெரிய நாய்க்கான கறுப்பு ரப்பர் குட்டிக்கு ஆகாது.

அதன் உள்ளே நிரப்ப நம் சமையலறையே போதும். உப்பும் தாளிப்பும் சேர்க்காத தயிர்சாதம், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு அல்லது பூசணி, எலும்பு நீக்கிய வெந்த கோழிக்கறி. நிரப்பி உறையவைத்துக் கொடுத்தால், நாம் வேலைக்குப் புறப்படும் நேரத்து அழுகையும் கதவுப் பிறாண்டலும் குறையும். வேர்க்கடலை வெண்ணெய் தடவுபவர்கள் சைலிட்டால் இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள். அந்த இனிப்புப் பொருள் சிறு அளவிலும் நாயைக் கொல்லும்.

எந்தப் பொம்மையும் நம்முடைய இடத்தை நிரப்பாது. குட்டியின் முன்னால் பொம்மையை வீசிவிட்டுக் கைப்பேசியில் மூழ்குவது, எலும்பை வீசிவிட்டுப் போவதன் நாகரிக வடிவம்தான். பொம்மையை நாம் உருட்ட வேண்டும், ஒளிக்க வேண்டும், அது கொண்டுவந்து கொடுத்தால் மகிழ்ந்து வாங்க வேண்டும். கிழிந்ததை அன்றே குப்பையில் போட வேண்டும். வாரம் ஒரு முறை கழுவ வேண்டும். ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் “எல்லாத்தையும் நாசம் பண்ணுது, யாராவது வெச்சுக்கறீங்களா?” என்று குட்டியை ஊர் ஊராக அனுப்பப் பார்ப்பவர்களை எல்லோருமே கண்டிருப்போம். அந்த மாதங்கள் எவை என்று பாருங்கள். பல் மாறும் மாதங்கள். கடிக்கத் தக்கது கிடைக்காத குட்டி, வளர்ச்சியின் ஒரு கட்டத்தைக் குற்றமாகச் சுமந்து தெருவுக்குப் போகிறது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். கால்நடை மருத்துவர்கள், முதல் தடுப்பூசிக்கு வரும் குட்டியின் வீட்டாருக்கு உணவு பற்றிச் சொல்வதுபோலவே கடிக்க என்ன கொடுக்கலாம், என்ன கொடுக்கக் கூடாது என்பதையும் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனம், வீட்டு விலங்குகள் வாயில் வைக்கும் பொருள்களுக்கும் ஒரு தரத்தை வகுக்கட்டும். குட்டி வாங்கும் நாமோ, கழுத்துப் பட்டையும் சங்கிலியும் வாங்கும் அன்றே வயதுக்கேற்ற ஒரு ரப்பர்ப் பொம்மையையும் சேர்த்து வாங்குவோம். கறிக்கடைக்காரர் அன்போடு நீட்டும் எலும்புப் பொட்டலத்தை, “வேணாம்ணே, குட்டிக்கு ஆகாது” என்று அதே அன்போடு மறுப்போம். காரணம் கேட்டால் நின்று சொல்வோம். தவறான அறிவுரை வாய்வழியாகத்தான் பரவியது, சரியானதையும் அப்படித்தான் பரப்ப வேண்டும்.